பின்லாந்தின் எஸ்.கே.டி.எல். என்பது கம்யூனிஸ்ட் கட்சியின் இன்னொரு பெயர்தானா?

இல்லை. பின்லாந்து மக்கள் ஜனநாயகக் கழகம் எனப்படும் எஸ்.கே.டி.எல்., கம்யூனிஸ்டுகளும் இடதுசாரி சோஷலிஸ்டுகளும் சேர்ந்து தேர்தலில் நிற்பதற்காக 1944 அக்டோபரில் அமைத்த கூட்டமைப்பு.

இதன் வேர் 1918-இன் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. அதில் தோற்ற இடதுசாரி ‘சிவப்பு’த் தரப்பின் தலைவர்கள் மாஸ்கோவுக்குத் தப்பிச் சென்று நிறுவிய கம்யூனிஸ்ட் கட்சி, பின்லாந்தில் 1944 வரை சட்டவிரோதமாகவே இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சோவியத் யூனியனுடன் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தான பிறகுதான் அக்கட்சி வெளிப்படையாக இயங்க முடிந்தது. கால் நூற்றாண்டு தலைமறைவாக இருந்த ஒரு கட்சி, தன் பெயரை மட்டும் காட்டிப் பெரும்பான்மையோரிடம் வாக்குக் கேட்பது கடினம் என்பதாலேயே, விரிந்த பெயரும் விரிந்த வாசலும் கொண்ட ஓர் அமைப்பு தேவைப்பட்டது. கணக்கு பலித்தது: 1945 தேர்தலில் 200 இடங்களில் 49 கிடைத்தன, மறு ஆண்டே அதன் உறுப்பினரான மௌனோ பெக்கலா பிரதமரானார். 1958-இல் 50 இடங்களுடன் மிகப்பெரிய கட்சியாக வந்தும் ஆட்சியில் இடம் கிடைக்கவில்லை. மற்றக் கட்சிகளின் அவநம்பிக்கை அவ்வளவு ஆழமானது.

உள்ளே நிலவிய உறவைக் கூட்டுக் குடும்பத்தோடு ஒப்பிடலாம்: சம்பாதிப்பவர் பலர், பெட்டிச் சாவி மட்டும் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளின் இடுப்பில். பிற்காலத்தில் அந்தக் கம்யூனிஸ்டுகளே மிதவாதிகள், மாஸ்கோ சார்பினர் என இரண்டுபட்டதும் வீடு ஆட்டம் கண்டது. 1990-இல் இடதுசாரிக் கூட்டணி உருவாக, எஸ்.கே.டி.எல். கலைந்தது.

பெயர்களைப் பார்த்துப் பலர் நினைப்பதுபோல், எஸ்.கே.டி.எல்.லும் பின்லாந்தின் சமூக ஜனநாயகக் கட்சியும் ஒன்றல்ல. தொழிலாளர் வாக்குகளுக்காக அவ்விரண்டும் பல பத்தாண்டுகள் நேரெதிராக மோதிக்கொண்டவை.