வலிக்காத புண்

கேழ்வரகு பிஸ்கட்டில் சோடா மாவு போடலாமா, வெண்ணெயா நெய்யா, ஓவன் சூட்டில் கால்சியம் போய்விடுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கால் பெருவிரலுக்குக் கீழே செம்பனை (எண்ணெய்ப்பனை) முள் குத்தி மூன்று வாரமாகிறது, மஞ்சள் பற்றுப் போட்டும் ஆறவில்லை, நல்லவேளை வலி இல்லை என்று. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வலி இல்லாததுதான் எனக்குக் கவலை. பதினோரு வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள ஒருவரின் பாதத்தில் முள் குத்திய புண் வலிக்கவில்லை என்றால், அங்கே நரம்புகள் உணர்வை இழந்து வருகின்றன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். செம்பனை முள் ஆழமாக இறங்கும், நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும்போதே உள்ளே சீழ் எலும்பு வரை போய்விடலாம். விரலை எடுக்க வேண்டிய நிலையில் வருகிறவர்கள் பலர் "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றுதான் சொல்கிறார்கள்.

நாளைக் காலையிலேயே தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையத்துக்கு) அம்மாவை அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பாதத்தில் நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரேவுக்கு அனுப்புவார்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, விரல் கருத்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள். இன்றே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மஞ்சள் பற்றை நிறுத்துங்கள். அது புண்ணின் நிறத்தையே மறைத்துவிடும். சுத்தமான தண்ணீரில் கழுவி, மருந்துக்கடைக் கட்டுத்துணியால் மூடினால் போதும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

"என் பிஸ்கட்டால்தான் ஆறவில்லையோ" என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். இல்லை. நரம்பு ஒரு தீபாவளிப் பலகாரத்தில் கெடுவதில்லை, பல வருடச் சர்க்கரை செய்த வேலை அது. ஆனால் கேழ்வரகும் குலா மெலாக்காவும் இனிப்பு நீரைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி அம்மா இரவு மாத்திரையை நிறுத்திவிட்டாரே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குலா மெலாக்கா தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி எடுத்தது. வாசனை அருமை, ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். கேழ்வரகு நல்ல தானியம், 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது. நைசாக அரைத்தால் அது இரத்தத்தில் இன்னும் வேகமாக ஏறும். தேநீரோடு ஆறு பிஸ்கட் என்றால் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்ட கணக்குதான். இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள், அன்று சோற்றையும் கொஞ்சம் குறைக்கட்டும்.

அரைத் தேக்கரண்டி சோடா மாவு கெடுதல் எதுவும் செய்யாது. வெண்ணெயா நெய்யா என்பது உங்கள் விருப்பம், அளவாகப் போடுங்கள். ஓவன் சூட்டில் கால்சியம் போகாது.

கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை நாளாகப் போடவில்லை என்பதை அம்மா மறைத்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.