தொண்ணூறாவது நாள் என்றைக்கு? ஜெர்மனி இன்டர்ன்ஷிப் கேள்வி பதில்

ஆகன் நகரப் பேராசிரியர் ஒருவர் 12 வாரம் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்மதித்திருக்கிறார். முடிந்ததும் பத்து நாள் பாரிஸ், சுவிட்சர்லாந்து சுற்றிவிட்டு ஊர் திரும்பலாம் என்று திட்டம். ஷெங்கன் விசா போதுமா?
– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர், திருச்சி

போதாது. நான்கு நாள் இடிக்கும். ஷெங்கன் விசா என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. அதில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். பாரிஸும் சுவிட்சர்லாந்தும் அதே ஷெங்கன் பகுதிதான் என்பதால், அங்கே கழிக்கும் நாளும் இந்தத் தொண்ணூறிலேயே கழியும்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மே 11 திங்கள் வேலை தொடக்கம், மே 9 சனிக்கிழமை இறங்குகிறீர்கள். மே மாதத்தில் 23 நாள், ஜூன் 30, ஜூலை 31, ஆக மொத்தம் 84. பன்னிரண்டாவது வாரம் ஜூலை 31 வெள்ளிக்கிழமை முடிகிறது. மிச்சம் ஆறே நாள். ஆகஸ்ட் 6 இரவு 12 மணிக்குள் எல்லையில் வெளியேறும் பதிவு ஆகியிருக்க வேண்டும். விமானம் ஏறும் நேரம் இங்கே கணக்கில்லை, எல்லைச் சோதனையைத் தாண்டும் நேரம்தான் கணக்கு. பாரிஸ் வழியாகத் திரும்பினால் அந்தச் சோதனை பாரிஸில் நடக்கும்.

அடுத்த குழப்பம் விசா ஸ்டிக்கரில். 'எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை' என்று ஒரு வரி இருக்கும், 'தங்கும் நாட்கள்' என்று தனியாக ஒரு எண்ணும் இருக்கும். தேதி வரியில் வழக்கமாக 15 நாள் கூடுதலாகவே போடுவார்கள், பயணம் முன்பின் ஆனால் சமாளிக்க. அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது' என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தங்கும் நாட்கள் கட்டத்தில் 84 என்று இருந்தால் 84தான். ஸ்டிக்கர் கைக்கு வந்த அன்றே மூன்றையும் பாருங்கள்: தேதி, நாட்கள், எத்தனை முறை நுழையலாம் என்பது. ஒரே முறை நுழையும் விசாவோடு லண்டன் போய்விட்டால் ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை.

சுற்றுலா விசாவில் போய் லேபில் உட்காரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் நோக்கம் இன்டர்ன்ஷிப் என்றே இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, துறை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா இல்லையா, உண்டானால் எவ்வளவு என்பதெல்லாம் வரட்டும். கல்லூரியின் தடையில்லாச் சான்று, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட ஆதாரம் ஆகியவை கூடவே வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை நீளவும் செய்யும். ஆட்கள் குவிகிற ஏப்ரல், மே மாதங்களில் தேதி கிடைப்பதே பாடு, அதனால் பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

பத்து நாளும் சுற்றியே தீர வேண்டும் என்றால் பேராசிரியரிடம் 11 வாரமாகக் குறைக்கக் கேளுங்கள். அது எளிது. 90 நாளைத் தாண்டுவதென்றால் தேசிய விசா என்கிற டி வகை வேண்டும், அதற்குக் காலமும் காகிதமும் கூடுதல்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து 'கொடுத்த பெயர்' கட்டத்தில் இருக்கின்றன. இதனால் சிக்கல் வருமா?
– எம்.எஸ்சி. மாணவி, மதுரை

விசா தர இதைக் காரணம் காட்டி மறுக்க மாட்டார்கள், நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். சிக்கல் அங்கே போன பிறகு, தபால் பெட்டியில் தொடங்கும். ஜெர்மனியில் அடுக்குமாடிக் கதவுகளுக்கு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயர் ஒட்டியிருப்பார்கள். தபால்காரர் அந்தப் பெயரைத்தான் தேடுவார். உறையில் உங்கள் பெயர் ஒன்றாகவும் பெட்டியில் வேறொன்றாகவும் இருந்தால் தபால் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஓர் உறையிலும் அதன் ரகசிய எண் இன்னோர் உறையிலும் வருகிற ஊர் அது. இரண்டில் ஒன்று திரும்பினாலும் இரண்டு வாரம் போச்சு.

அதனால் ஊரிலிருந்தே முடிவு செய்யுங்கள்: எல்லாப் படிவத்திலும் அப்பா பெயரே குடும்பப் பெயர். பேராசிரியரின் கடிதம், காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை. முதலெழுத்தை மட்டும் போடாதீர்கள், 'கே.' என்று ஒரு குடும்பப் பெயரை அங்குள்ள கணினி ஏற்காது. அறைக்குப் போன முதல் நாளே ஒரு துண்டுத் தாளில் அந்தப் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள், மற்றவர் பெயருக்குக் கீழே. பிறகு அலுவலகத்தில் உங்களை 'ஃப்ராவ் (திருமதி) முருகேசன்' என்று அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

முகவரிப் பதிவு இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டுமாமே?
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

வெளிநாட்டில் வீடு வைத்திருப்பவர் மூன்று மாதத்துக்கு உட்பட்டு வந்து தங்கினால் 'ஆன்மெல்டுங்' என்கிற அந்தப் பதிவு கட்டாயமில்லை. அதற்கு மேல் தங்கத் திட்டமிட்டு வீடெடுத்தால் இரண்டு வாரக் கெடு உண்டு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்றும் வேண்டும். பதிவு இல்லாதவருக்கு அங்கே வங்கிக் கணக்கு திறப்பது கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள். உதவித்தொகையை எந்தக் கணக்கில் போடுவார்கள் என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொண்டால், ஜூன் மாதம் கையைப் பிசைய வேண்டாம்.

இணையத்தில் ஓர் அறை பார்த்தேன். படம் அருமை, வாடகை குறைவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார்.
– பி.டெக். மாணவர், ஈரோடு

அனுப்பாதீர்கள். சாவி வராது. இதே வாசகத்தோடுதான் இந்த மோசடி பல வருடங்களாக நடக்கிறது. முதலில் பேராசிரியரின் செயலாளருக்கு எழுதிப் பல்கலைக்கழக விருந்தினர் அறை கேளுங்கள். அடுத்தது மாணவர் விடுதிகளை நடத்தும் 'ஸ்டூடியரன்டன்வெர்க்'. மூன்றாவது, ஊருக்குப் போகும் மாணவரின் அறையை இடைக்கால வாடகைக்கு எடுப்பது. இதில் ஒரு முரண்: அவர்களுடைய வகுப்புகள் ஜூலை வரை நடக்கும், அறைகள் காலியாவது ஆகஸ்டில். நீங்கள் போவது மே மாதம். முதல் இரண்டு மாதத்துக்கு ஓரிடம், பிறகு வேறிடம் என்று மாற வேண்டி வரலாம். வீடியோவில் அறையைக் காட்டச் சொல்லுங்கள், ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா பாருங்கள்.

மகள் மே மாதம் கிளம்புகிறாள். நெய், பால்கோவா, பருப்புப் பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை எல்லாம் கட்டித் தரலாமா?
– ஒரு தாய், ஸ்ரீவில்லிபுத்தூர்

உங்கள் ஊர்ப் பால்கோவாவுக்குத்தான் முதல் தடை, அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் அதில் சேரும். சுங்கத்தில் திறந்து பார்த்தால் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அதுவும் வேண்டாம். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சைக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், தேங்காய் அங்கேயே கிடைக்கும், எடை வீண்.

பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம், எண்ணெய் ஊறுகாய் போகலாம். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் நிறுத்துவார்கள், பெரிய பெட்டியில் இரண்டு உறை போட்டு வையுங்கள். தினசரி மாத்திரை இருந்தால் மூன்று மாத அளவு வரை, மருத்துவர் சீட்டோடு. குக்கர் தருவதானால் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது. இன்னொன்று: மிளகாய் தாளிக்கும்போது அறைக்கதவை மூடி ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். புகை உணர்கருவி அலறினால் விடுதி முழுக்கத் தெருவில் நிற்கும்.

வார இறுதிகளில் குறைந்த செலவில் எப்படிச் சுற்றுவது?
– மாணவர், சென்னை

'டாய்ச்லாந்து டிக்கெட்' என்கிற மாதப் பயணச்சீட்டு வாங்குங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், ஆர்.பி., ஆர்.இ. என்கிற வட்டார ரயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரு மாதத்துக்குச் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. விரைவு ரயில்களுக்குச் செல்லாது, தெரியாமல் ஏறினாலும் அபராதம்தான். இது மாதச் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் மாதக் கடைசியில் நிற்கும். 11-ஆம் தேதி நினைவு வந்தால் அடுத்த மாதப் பணமும் போகும். ஜெர்மன் வங்கிக் கணக்கு இல்லையென்றால் கிரெடிட் கார்டு ஏற்கும் போக்குவரத்து நிறுவனச் செயலியில் எடுங்கள். டிக்கெட்டில் இருக்கும் பெயருக்கு அடையாள அட்டை கேட்பார்கள்.

கொலோன் தேவாலயம் ரயில் நிலைய வாசலிலேயே நிற்கிறது: 1248-ல் தொடங்கி 1880-ல் முடித்த 157 மீட்டர் கட்டடம். தெற்குக் கோபுரம் ஏற 533 படி, லிஃப்ட் கிடையாது. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு மியூனிக்கிலிருந்து ஃப்யூசன் வரை ரயில், சுமார் இரண்டு மணி நேரம், பிறகு பேருந்து. உள்ளே போகும் நேரம் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். கீழிருந்து கோட்டைக்கு மேடேற அரை மணிக்கு மேல் ஆகும். இதைக் கணக்கில் எடுக்காமல் நேரத்தைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

எல்லோரும் போகிற இடங்களை விட இரண்டு இடங்களைச் சிபாரிசு செய்வேன். லைப்சிக் பக்கத்தில் இருக்கிற ஹாலே. 1706-ல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர். அங்குள்ள ஃப்ராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை முதலில் அங்கேதான் ஈயத்தில் வார்த்து அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டவில்லை, பிறகு நம் பக்கமே சிறிய எழுத்துகள் வார்த்து 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இன்னொன்று ஹாம் நகரின் யூன்ட்ராப் பகுதியில் ஈழத் தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல் குடமுழுக்கு கண்டது. கோடையில் தேர் இழுப்பார்கள். தீர்த்தமாடுவது அருகில் ஓடும் கப்பல் கால்வாயில்.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கிவிடுங்கள். பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலை எறியாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

நிறுவனத்தில் தரும் சான்றிதழில் என்ன பார்க்க வேண்டும்?
– எம்.பி.ஏ. மாணவி, கோவை

ஜெர்மன் மொழிச் சான்றிதழில் திட்டுவதற்கு இடமில்லை, பாராட்டின் அளவில்தான் மதிப்பெண் ஒளிந்திருக்கும். 'ஸ்டெட்ஸ் ட்சு உன்ஸெரர் ஃபோல்ஸ்டன் ட்சுஃப்ரீடன்ஹைட்', அதாவது 'எப்போதும் எங்கள் முழுமையிலும் முழுமையான திருப்திக்கு' என்றிருந்தால் முதல் தரம். 'ஃபோல்ஸ்டன்' என்பது 'ஃபோலன்' ஆனால் இரண்டாம் தரம். அதிலும் 'ஸ்டெட்ஸ்' என்ற 'எப்போதும்' போனால் மூன்றாம் தரம். வெறும் 'எங்கள் திருப்திக்கு' என்றிருந்தால் நான்காவது, தேறியது என்று மட்டும் பொருள். 'முயற்சி செய்தார்' என்று எழுதியிருந்தால் நம் காதுக்கு நல்லதாகப் படும், அவர்கள் காதுக்கு அது தோல்வி.

கடைசி நாளில் கேட்டால் பொதுவான நான்கு வரி வரும். இரண்டு வாரம் முன்பே, நீங்கள் செய்த வேலை, பயன்படுத்திய கருவி, மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பணித்தன்மையும் மதிப்பீடும் உள்ள விரிவான சான்றிதழ் வேண்டும் என்று கேளுங்கள். ஆங்கிலப் பிரதியும் கூடவே. தேதி கடைசி வேலைநாளாக இருக்கட்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.