கேளுங்கள், சொல்கிறோம்: லுமுட்டிலிருந்து புக்கெட்டுக்குப் படகில் போகலாமா?

கேள்வி: ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்கிறேன். ஓய்வு நாட்களில் லுமுட்டில் பாய்மரப் படகுகளின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுண்டு. அங்கே பழக்கமான வெள்ளைக்காரர் ஒருவர் வரும் ஜனவரியில் தம் படகில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள என்னையும் அழைக்கிறார். திரும்பும்போது விமானத்திலோ பஸ்ஸிலோ வந்துவிடலாம் என்கிறார். எனக்குப் பத்து நாள் விடுப்பு உண்டு. நான் கடலில் போனதெல்லாம் பங்கோர் ஃபெரியில்தான். போகலாமா? என்னென்ன தாள்கள் வேண்டும்?
(வாசகர், ஆயர் தாவார், பேராக்)

பதில்: தாராளமாகப் போகலாம். காலத்தை உங்கள் நண்பர் சரியாகவே தேர்ந்திருக்கிறார். ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், மலாய்த் தீபகற்பத்தின் மறைவில் இருக்கும் மேற்குக் கரையில் அலை எழும்புவது குறைவு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று அந்தமான் கடலை நேரே புக்கெட் கரையின் மீது தள்ளும்போது அழைத்திருந்தால் யோசித்துச் சொல்லுங்கள் என்றிருப்பேன். லுமுட்டிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 70 கடல் மைல், அங்கிருந்து லங்காவி 60, லங்காவியிலிருந்து புக்கெட் 120. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இத்தகைய படகு மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடுவதே நல்ல ஓட்டம் என்பதால், கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும் பிடிக்கும்.

கடலைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது, படகில் வருபவர் எல்லாரின் பெயரும் உள்ள மாலுமிப் பட்டியல் என்னும் தாளைத்தான். லங்காவியில் படகின் தலைவர் உங்கள் கடப்பிதழையும் படகின் பதிவுச் சான்றையும் இந்தப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கடல்துறை, குடிநுழைவு, சுங்கம் ஆகிய மூன்று மேசைகளுக்கும் போய், அடுத்த துறைமுகத்தில் காட்டுவதற்கான புறப்பாட்டு அனுமதியைப் பெறுவார். புக்கெட்டின் சாலோங் விரிகுடாவில் இறங்குதுறையை ஒட்டிய ஒரே கட்டடத்தில் இதே மூன்று துறைகளும் இருக்கின்றன. அங்கே நுழைவுப் பதிவு முடியும்வரை, அதிகாரிகள் அழைத்தாலன்றி, நீங்கள் படகிலேயே இருங்கள். முதலில் தலைவர்தான் கரைக்குப் போவார். 2025 மே மாதம் முதல் தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டினர் எல்லாருக்கும், கடல் வழியாக வருபவர்களையும் சேர்த்து, மின்னியல் வருகை அட்டை கட்டாயமாகிவிட்டது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை நிரப்ப வேண்டும் என்பதால், கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் லங்காவியிலேயே முடித்துவிடுங்கள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

பஸ்ஸில் திரும்பும் திட்டத்தில்தான் சிக்கல் இருக்கிறது. படகோடு வந்தவர் படகோடு போவார் என்பதே குடிநுழைவு அதிகாரிகளின் கணக்கு. ஆகவே நீங்களும் தலைவரும் சேர்ந்து குடிநுழைவு மேசைக்குப் போய், பட்டியலிலிருந்து உங்கள் பெயரை முறைப்படி நீக்கிக்கொண்ட பிறகே எல்லை ஊரான பாடாங் பெசாருக்கு டிக்கெட் வாங்குங்கள். இல்லையென்றால் எல்லையில் உங்களையும் அடுத்த துறைமுகத்தில் அவரையும் கேள்வி கேட்பார்கள். இன்னொன்று: சாலோங்கில் பக்கத்துப் படகுக்காரர் தம் இயந்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்று கூப்பிடுவார். கை துறுதுறுக்கும், பணமும் நல்ல பணமாக இருக்கும். ஆனால் வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவர் அங்கே வேலை செய்வது குற்றம், போகாதீர்கள். வேப் பழக்கம் இருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தாய்லாந்தில் அதற்குத் தடை உண்டு.

இயந்திரத்தைப் பற்றி ஆலை ஃபிட்டருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும், ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்தவுடன் படகின் பின்புறம் எட்டிப் பாருங்கள். இயந்திரத்தைக் குளிர்வித்த கடல்நீர் புகைக்குழாய் வழியே விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். துப்பவில்லையென்றால், மிதந்து வந்த பிளாஸ்டிக் பை உறிஞ்சுவாயை அடைத்திருக்கும், அல்லது பம்புக்குள் சுழலும் ரப்பர் இறக்கைகள் கிழிந்திருக்கும். மாற்று இறக்கை இரண்டு கையில் இருக்கட்டும். கிழிந்த துண்டுகளை எண்ணிப் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகே புதியதை மாட்டுங்கள். ஒரு துண்டு குளிர்விப்பானில் சிக்கினாலும் நடுக்கடலில் சூடேறும்.

இரவுக் காவலில் உட்கார்ந்தால், தாய்லாந்துக் கடலில் கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் வானத்தையே பச்சையாக்கியிருப்பதைக் காண்பீர்கள். சாதாரணமாகக் கடலில் பச்சை விளக்கு என்றால் ஒரு கலத்தின் வலப்பக்கம் என்று பொருள்; இந்தப் பச்சையை வைத்து அப்படிக் கணக்குப் போட்டுத் திரும்பினால் வலைக்குள் போய் நிற்பீர்கள். சந்தேகம் வந்தால் நீங்களே முடிவு செய்யாமல் தலைவரை எழுப்புங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மொத்தம் 250 கடல் மைலுக்கு ஐம்பது மணி நேர ஓட்டம்தான் என்றாலும், அலுவலக மேசைகளும் காற்றும் நாட்களைத் தின்னும். பத்து நாள் போதுமானதுதான், ஆனால் இடுக்கமானது. எட்டாம் நாளில் எங்கே இருந்தாலும் உங்களை இறக்கிவிட வேண்டும், திரும்பும் செலவு யாருடையது என்ற இரண்டையும் லுமுட்டிலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லங்காவிக்குப் போயிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்து நின்ற ஒரு படகில் மஞ்சள் கொடி பறந்தது. உள்ளே நோயாளி இருப்பதற்கு அது அடையாளம் என்று மாமா சொன்னார். உண்மையா?
(வாசகி, சித்தியவான்)

பதில்: மாமா சொன்னது பழைய காலத்து வழக்கின் நினைவு. இன்றைய அனைத்துலகக் குறியீட்டில் முழு மஞ்சள் கொடிக்குப் பொருள் நேர்மாறானது: என் படகில் எல்லாரும் நலம், கரையோடு தொடர்புகொள்ள அனுமதி கேட்கிறேன் என்பதே அது. அனுமதி கிடைத்ததும் மஞ்சளை இறக்கிவிடுவார்கள். அதன்பின் வலப்புறக் கயிற்றில், வந்திறங்கிய நாட்டுக்கு மரியாதையாக அந்நாட்டுக் கொடி மட்டுமே பறக்கும்.