இரை குறைந்தால் கடல்வாழ் குடம்பிகள் தம் உடலை மாற்றிக்கொள்ளுமா?

கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், இரை குறையும்போது கடலின் முள்ளந்தண்டற்ற உயிர்களின் குடம்பிகள் (முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவங்கள்) உடலமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று தாம் வாசித்தது அட்டைக் குஞ்சுக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற வகையில் சொல்வதானால், மாற்றிக்கொள்ளும் என்பது உண்மை. ஆயினும் இனத்துக்கு இனம் அது வேறுபடும்.

நன்கு ஆராயப்பட்டது கடல் முள்ளியின் புளூட்டியஸ் குடம்பி. நுணுக்குக்காட்டியில் அதன் கண்ணாடி போன்ற உடலும், அதிலிருந்து சோடி சோடியாக நீளும் கரங்களும், ஒவ்வொரு கரத்துக்குள்ளும் மெல்லிய சுண்ணக் கோலும் தெரியும். கரங்களின் ஓரமாக ஓடும், நுண்மயிர்கள் வரிசையாக அமைந்த பிசிர்ப் பட்டிதான் நுண் அல்காக்களை, அதாவது மிகச் சிறிய பாசிகளை, பிடித்து வாய்க்கு அனுப்புகிறது. ஆகவே இரை அரிதான நீரில் வளரும் குடம்பி, மீன் குறைந்த காலத்தில் வலையை நீளமாக விடுவதைப் போல, உடலளவுக்கு மிஞ்சிய நீளத்தில் கரங்களை வளர்க்கிறது. இரை தாராளமாகக் கிடைத்தால் கரங்கள் குட்டையாகவே நிற்க, இரைப்பை பெருத்து, உடலின் இடப்பக்கத்தில் வருங்கால முள்ளியின் மூலவுரு நேரத்துடன் உருவாகத் தொடங்குகிறது. நீண்ட கரத்தைச் செழிப்பென்று எண்ணிவிடக் கூடாது. அது பசியின் அடையாளம்.

இந்த மாற்றம் குடம்பி உண்ணத் தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுவதுதான் எனக்குப் பெரும் வியப்பு. ஊதாக் கடல் முள்ளியின் குடம்பி அல்காவின் இருப்பை உணர்ந்ததும் டோபமின் என்ற நரம்புச் செய்திகடத்தும் இரசாயனத்தின் சமிக்ஞையால் கர வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்றும், அதனால் தாய் முட்டையில் வைத்த கொழுப்பு மிச்சமாகிறது என்றும் 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பட்டினி கரத்தை வளர்க்கிறது என்பதைவிட, இரை அதை அடக்குகிறது என்பதே பொருத்தம்.

கடலட்டையின் ஓரிகுலேரியா குடம்பிக்குக் கோல் தாங்கிய கரங்கள் கிடையாது. அது நன்றாக உண்டால், உடலின் மடிப்போரங்களில் ஒளி ஊடுருவும் சிறு உருண்டைகள் சேர்கின்றன. அடுத்த பருவமான பீப்பாய் வடிவ டோலியோலேரியா எதையும் உண்ணாது என்பதால், இந்தச் சேமிப்பு அதற்கு உதவுகிறது. இதற்காக அல்காவை அளவுக்கு மீறி இட்டால் மிச்சம் அழுகி நீர் கெட்டுவிடும்.

உங்கள் பண்ணைக்கு வரும் குஞ்சுகள் இந்தப் பருவங்களைக் கடந்தவை. அங்கே இதைப் பார்க்க முடியாது. வாங்கும்போது, ஓரிகுலேரியாவில் அந்த உருண்டைகள் நன்றாகத் தென்பட்டனவா என்று குஞ்சு உற்பத்தி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.