மேடு ஏறும்போது திசை மாறும் ஏ.சி. காற்று

கேள்வி: பெட்ரோல் எஞ்சின் கொண்ட எங்கள் பழைய பிக்கப் டிரக்கில் ஏ.சி. காற்று சமதளத்தில் முகத்துக்கு நேராக வருகிறது. பாரத்துடன் மேடு ஏறினால் மட்டும் முன்கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது. கேஸ் குறைந்துவிட்டதா?

பதில்: கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும், காற்றின் திசை மாறாது, எனவே கேஸ் நிரப்பச் செலவு செய்ய வேண்டாம். பழைய டிரக்குகள் பலவற்றில், டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவுகளை இயக்குவது எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியில்) உண்டாகும் வெற்றிட இழுப்பு. ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது அந்த இழுப்பு குறைந்துவிடும் என்பதால், ஒரு சேமிப்புக் கலனும் ஒருவழி வால்வும் அதைத் தக்கவைக்க வேண்டும். இழுப்பு அற்றுப்போனாலும் ஓட்டுநரின் பார்வை மறையக் கூடாது என்றே கதவுகள் கண்ணாடிப் பக்கம் திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு அது.

எஞ்சின் ஆறிய பிறகு, ஒருவழி வால்வைக் கழற்றித் துடைத்து, இரு முனைகளிலும் ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று போனால் வால்வு கெட்டுவிட்டது. வால்வு நன்றாக இருந்தால், மெல்லிய வெற்றிடக் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். பேட்டரிக்கு அருகிலும், ரப்பர் இணைப்பு முனைகளிலும் வெடிப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஏ.சி. சுவிட்சுக்குப் பின்னால் 'உஸ்' என்ற ஓசை கேட்டால் கசிவு அங்கேதான்.

கதவுகளை மின்மோட்டார் இயக்கும் புதிய டிரக்குகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் டாஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' சத்தம் வந்தால், பெரும்பாலும் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும்.