வாசகர் கேள்விகள்: கோர்ட்டுக்குப் போகாத கோர்ட் வேலை

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லங்காஸ்டரில் மேல்படிப்பு முடித்துவிட்டு, குடும்ப நீதிமன்றங்களில் குழந்தைகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதற்கான ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். ஆனால் கோர்ட்டுக்கும் போவதில்லை, ஒரு குழந்தையையும் பார்ப்பதில்லை, நாள் முழுக்க கம்ப்யூட்டர்தான். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன வேலை என்று சொல்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: "தீர்ப்பு ஆன பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்க்கிற வேலை" என்று சொல்லிவிடுங்கள் அம்மா. பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். மீதிப் பேருக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அங்கே ஒரு குழந்தைக்கு வீட்டில் ஆபத்து என்று ஊர் கவுன்சில் நினைத்தால், 1989-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி வழக்குப் போடும். 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2014-ல் இன்னொரு சட்டம் வந்தது. நீதிபதி முடிவு சொல்வார், பிள்ளை தத்துக்கோ பாட்டி வீட்டுக்கோ திரும்ப அம்மாவிடமோ போகும், வழக்குக் கட்டை மூடிவிடுவார்கள். டாக்டரிடமாவது நோயாளி திரும்பி வந்து "மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்வார், இந்த நீதிபதியிடம் அப்படி வந்து சொல்ல யாரும் இல்லை. எடுத்த முடிவு சரியா தப்பா என்று தெரியாமலே அடுத்த கட்டைப் பிரிக்கிறார்.

தெரிந்துகொள்ள ஒரே வழி, எல்லாக் கட்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான். காஃப்காஸ் என்று ஓர் அமைப்பு 2001 முதல் இந்த வழக்குகளில் குழந்தையின் பக்கம் நின்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. அதன் பதிவுகளில் பெயர்களை நீக்கி, ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் இருக்கும் 'செயில்' தரவு வங்கியில் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட தரவோடு வேலை செய்யும் ஒருவர் எனக்கு மாதிரிக்கு ஓர் அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறார். ஒரு குழந்தைக்கு ஒரு வரி: பிறந்த வாரம், ஆணா பெண்ணா, வழக்கு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, என்ன உத்தரவு. கொஞ்சம் கீழே போனால் அதே தாயின் எண், வேறொரு பிறந்த வாரம். இன்னும் கீழே மறுபடியும் அதே எண். மூன்றாவது வரிக்கு மேல் எனக்குப் பார்க்க முடியவில்லை.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் கேரன் பிராட்ஹர்ஸ்ட் குழு இந்த வரிகளைத்தான் எண்ணியது. ஒருமுறை இப்படி வழக்கில் சிக்கிய தாய்மாரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஏழு வருடத்துக்குள் இன்னொரு குழந்தைக்காக மறுபடி கோர்ட்டுக்கு வருகிறார் என்று 2015 வாக்கில் கண்டுபிடித்தார்கள். இருபது வயதுக்குள் முதல் வழக்கைப் பார்த்த பெண்கள் என்றால் மூன்றில் ஒருவர். நீதிபதிகளுக்கு இது அரசல்புரசலாகத் தெரியும்தான், ஆனால் எத்தனை பேர் என்று அதுவரை யாரும் நாடு முழுவதற்கும் எண்ணிச் சொன்னதில்லை.

கேள்வி: பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குவார்களாம், அதற்கு ஆராய்ச்சி வேறா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் எத்தனை பிள்ளைகள், எந்த வயதில் என்று வெளிச்சம் போட்டுக் காட்டியதே இந்த ஆராய்ச்சிதான். 2018-ல் வந்த அறிக்கை, 2007-க்கும் 2017-க்கும் நடுவே இங்கிலாந்தில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத 16,849 குழந்தைகளுக்காக வழக்கு தொடங்கியதாகச் சொன்னது. அதில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளின் அம்மாக்கள் ஏற்கெனவே மூத்த பிள்ளைக்காகக் கோர்ட் படி ஏறியவர்கள். கவனியுங்கள், மூத்த பிள்ளை தத்துப் போனதும் கவுன்சிலுக்கு வேலை முடிந்தது, அந்தப் பெண்ணை 'நீ எப்படி இருக்கிறாய்' என்று கேட்க பெரும்பாலும் ஆள் கிடையாது. அடுத்த முறை வயிற்றில் பிள்ளையோடு வரும்போதுதான் மறுபடி கட்டைத் திறப்பார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 2008-ல் லண்டனில் நீதிபதி நிக்கோலஸ் கிரிக்டன் தொடங்கிய போதை, குடி தொடர்பான குடும்ப நீதிமன்றம். ஒரே அம்மாவிடமிருந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பிரித்து அவருக்கே அலுத்துவிட்டது. அமெரிக்காவில் பார்த்த யோசனையை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நீதிபதி, வக்கீல் இல்லாமல் பெற்றோரோடு நேரடியாகப் பேசுவார், 'இந்த வாரம் குடிக்காமல் இருந்தாயா' என்று கேட்பார். 2016-ல் அலசிப் பார்த்தபோது, இங்கே வந்த தாய்மாரில் 46 சதவீதம் பேர் வழக்கு முடிவதற்குள் குடியையோ போதையையோ விட்டிருந்தார்கள், வழக்கமான கோர்ட்டில் 30. பிள்ளை அம்மாவோடு திரும்பச் சேர்ந்தது இங்கே 37 சதவீதம், அங்கே 25. பெரிய வித்தியாசமா என்றால், நூற்றில் கூடுதலான அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருந்தால் பெரிதுதான்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. பிரிந்தே ஆக வேண்டியவர்களுக்காக லங்காஸ்டர் குழு தாய்மாரோடு உட்கார்ந்து இரண்டு பெட்டிகளை வடிவமைத்தது. ஒன்று அம்மாவோடு வீட்டுக்குப் போகும், இன்னொன்று குழந்தையோடு. இரண்டிலும் நினைவுப் பொருட்கள்.

கேள்வி: இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பல இடங்களிலிருந்து. அதில் ஒன்று நமக்கும் தூரத்து உறவு! நஃபீல்ட் அறக்கட்டளை, கார் முதலாளி வில்லியம் மோரிஸ் 1943-ல் வைத்தது. அவர் கம்பெனியின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டிதான் நம்ம ஊரில் அம்பாசடர் ஆனது. அந்த அறக்கட்டளைதான் 2019-ல் குடும்ப நீதிக்கென்றே தனி ஆய்வு மையமும் தொடங்கியது.

கேள்வி: பெரியவர்கள் எல்லாம் எண்ணுகிறார்கள் சரி, குழந்தையைக் கேட்கிறார்களா?
– ஒரு ஆசிரியை, காரைக்குடி

பதில்: போதாது டீச்சர். அம்மாவும் அப்பாவும் பிரிந்து பிள்ளை யாரோடு என்று சண்டை போடும் வழக்குகளில், ஏறக்குறைய பாதியில் பிள்ளையிடம் முறையாகக் கேட்டதற்கான தடயமே பதிவுகளில் இல்லை என்று நான் சொன்ன அந்த மையம் 2024-ல் எழுதியது. ஆனால் 2017-ல் பீட்டர் ஜாக்சன் என்ற நீதிபதி ஒன்று செய்தார். 14 வயதுப் பையன், அப்பாவோடு ஸ்காண்டிநேவியாவுக்குப் போய்விட வேண்டும் என்று கேட்டவன். அவனே கோர்ட்டில் வந்து பேசினான். தீர்ப்பு அவன் கேட்டதற்கு எதிராகத்தான் வந்தது. ஆனால் அதைச் சட்டப் பக்கங்களாக எழுதாமல், அவன் பெயருக்கு ஒரு கடிதமாக எழுதியிருந்தார், உனக்குப் பள்ளி இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், இசை இருக்கிறது, இரண்டு வீடும் இருக்கிறது, அதனால்தான் இந்த முடிவு என்று.