மூக்கில் சைக்கிள் குண்டு: பிளாஸ்டிக் போர் விமானம் கட்டுவோருக்குக் கேள்வி பதில்

கோவை சிங்காநல்லூரில் என் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்ன மாதிரி விமானம் கட்டுகிறோம். அந்தப் பெட்டியைக் கிட் என்போம். வர முடியாதவர்கள் கேள்விகளை எழுதி அனுப்பட்டும் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு வாயிலிருந்து. பொறுக்கி எடுத்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் ஃபவுண்டரியில் மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பட அச்சுக்கான மாதிரி உரு, செய்து ஓய்வு பெற்றவன். எதைக் கேட்டாலும் பேச்சு வார்ப்படத்தில் போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோமனூர், கல்லூரி மாணவர்: அண்ணா, புதுசா ஆரம்பிக்கிறேன். பெட்டியில 1/72, 1/48, 1/32ன்னு போட்டிருக்குதுங்க. எதை வாங்கறதுங்க?

1/72 வாங்குங்க தம்பி. நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஆறடி மனுசன் ஓர் அங்குலம் ஆவான், அதுதான் கணக்கு. தேஜஸ் 13.2 மீட்டர் நீளம். 1/72இல் பதினெட்டு சென்டிமீட்டர் சொச்சம், 1/48இல் இருபத்தேழரை. சின்னதுதானே என்று நினைத்து, சூலூர் விமானப்படைத் தளத்தில் இறங்குகிற சரக்கு விமானம் ஆன்டனோவ் 32ஐ 1/72இல் தேடிப் போய்விடாதீர்கள். அதன் இறக்கை 29.2 மீட்டர். வீட்டு ஷெல்பில் நாற்பது சென்டிமீட்டர் கேட்கும்.

முதல் கிட்டுக்கு ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர், இல்லாவிட்டால் ஹரிக்கேன். பாகங்கள் குறைவு, வாரக்கடைசி இரண்டில் முடியும். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் நம் விமானப்படை ஓட்டியதும் ஹரிக்கேன்தான். அதனால் அந்நியமாக இருக்காது. கெடுத்தாலும் மனசு ஆறிவிடும்.

திருப்பூர், பனியன் கம்பெனி மேற்பார்வையாளர்: விமான உடம்போட ரெண்டு பாதியையும் ஒட்டினா நடுவுல கோடு தெரியுதுங்க. புட்டி வெச்சுத் தேய்ச்சாலும் பெயிண்ட் அடிச்சதும் மறுபடி வந்து நிக்குது. என்னதான் பண்றது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், கோடு இரண்டு வகை. ஒன்று மோல்டின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் பாகத்தின் மேலேயே விழுகிற மெல்லிய வரப்பு. பம்ப் கேசிங் வார்ப்படத்தைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு வரம்பு ஓடும். பார்ட்டிங் லைன் என்போம். கிட்டில் இருப்பதும் அதே சங்கதி, இரும்புக்குப் பதில் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். சக்கரத்தண்டு, ஏவுகணை, குண்டு எல்லாவற்றிலும் இருக்கும். கத்தியின் முனையால் வெட்டாமல், அலகைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் போய்விடும்.

இரண்டாவது நீங்கள் ஒட்டுவதால் வருகிற கோடு. உங்கள் தொழிலில் தையல் தெரிந்தால்தான் அழகு, இங்கே தெரியவே கூடாது. ஒட்டுவதற்கு முன் வெறுமனே சேர்த்து வைத்துப் பாருங்கள். உள்ளே ஏதோ முளை இடிக்கும், விமானி உட்காரும் காக்பிட்டின் தரை அரை மில்லி கூடுதல் அகலமாக இருக்கும். இடிப்பதைத் தேய்த்துவிட்டு மறுபடி வையுங்கள். நான் ஒட்டுகிற நேரத்தைவிட இப்படி வைத்து வைத்துப் பார்க்கிற நேரம்தான் அதிகம். நம் குழுவில் சிலர் இதைக் கேலி செய்வார்கள். புட்டி டப்பா அவர்களுக்குத்தான் மாதம் ஒன்று தீர்கிறது.

அப்புறம் பசை. டியூபில் வருகிற கெட்டிப் பசை வேண்டாம். தாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணீர்ப் பதத்தில் இருப்பதை இடுக்கில் தொட்டால் தானாக ஓடிப் பரவும். அது உண்மையில் ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது, ஒருவகை வெல்டிங். அரை நிமிடம் விட்டு அழுத்துங்கள். கரைந்த பிளாஸ்டிக் வெளியே மணிமணியாகப் பிதுங்க வேண்டும். பிதுங்கியதைத் துடைக்காதீர்கள், இடைவெளியை மூடப்போவது அதுதான். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டு, 400, 600, 1000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள், தண்ணீர் தொட்டு.

நீங்கள் சொல்கிற "மறுபடி வந்து நிற்கும்" கோடு புட்டி காய்ந்து சுருங்குவதால் வருவது. காலையில் வைத்து மத்தியானம் தேய்த்தால் ராத்திரி குழி விழும். நாங்கள் பேட்டர்ன் செய்யும்போதே உலோகம் ஆறிச் சுருங்குவதற்கு இடம் விட்டுத்தான் அளவெடுப்போம். அதே புத்தி இங்கேயும் வேண்டும். மெல்லிசாக இரண்டு தடவை, நடுவில் ஒரு நாள். பெவிக்விக்கை நிரப்பியாகப் போடுகிறவர்களும் உண்டு. சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கல்லாகி, சுற்றியிருப்பது தேயும், அது தேயாது.

கடைசியில் சாம்பல் பிரைமர் ஒரு கோட் அடித்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

கணபதி, லேத் பட்டறை: கார் பெயிண்டர் வாங்கற என்.சி. தின்னர் லிட்டர் கணக்குல மலிவாக் கிடைக்குது. அதையே கலந்துக்கலாமுங்களா?

காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவுகிற ஏர்பிரஷைக் கழுவ அருமையான சரக்கு. பெயிண்டில் கலக்க வேண்டாம். அதிலுள்ள கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைத் தின்னும். எனக்கு ஒரு மிக் விமானத்தின் மூக்கு கெட்டித் தயிர் மாதிரி குழைந்து போனது, காசு மிச்சம் பிடிக்கப் பார்த்து. நெயில் பாலிஷ் ரிமூவரும் அப்படித்தான், அசிட்டோன்.

பல்லடம்: பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸர்ல ஏர்பிரஷ் ஓட்டலாம்ங்கறாங்களே?

ஓட்டலாம், சத்தமே வராது. நம் ஊரில் அதைச் செய்துகொடுக்கவும் ஆள் இருக்கிறது. மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். காற்றுத் தொட்டி அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், கைக்குக் கிடைத்த சிலிண்டர் ஆகாது. சேஃப்டி வால்வும் பிரஷர் ஸ்விட்சும் வேண்டும். அந்தக் கம்ப்ரஸர் எண்ணெய் துப்பும், அதனால் ஃபில்டரும் தண்ணீர்ப் பொறியும் வேண்டும். விமானத்துக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். பெயிண்ட் பால் பதத்தில் இருக்கட்டும். கப்பின் சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும்.

மூக்கில் கட்டுகிற துணியை நம்பாதீர்கள். என் 95 மாஸ்க்கும் பெயிண்ட் தூசியை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. வேகமாகக் காய்கிற லாக்கர் பெயிண்ட் அடிப்பவர்கள் கரித்தூள் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

உடுமலை: ஆடி மாசம் அடிச்ச பெயிண்ட் பூரா மணல். ஐப்பசியில அடிச்சா வெள்ளையாப் பூத்துப் போகுது. வருசத்துல எப்பத்தான் அடிக்கறதுங்க?

பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே குடியிருந்துகொண்டு காற்றைக் குறை சொல்லி என்ன செய்ய! ஆடியில் நான் குளியலறையில் அடிப்பேன். தரையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். அடித்ததும் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுவேன்.

ஐப்பசி வெள்ளை வேறு சமாச்சாரம். லாக்கரில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக்காற்று அதில் பட்டு நீராகப் படிந்து சிக்கிக்கொள்கிறது. ரிட்டார்டர் கொஞ்சம் கலந்தால் மெதுவாகக் காயும், பூக்காது. மழை சோவென்று கொட்டும் நாளில் காக்பிட்டுக்குப் பிரஷ் வேலை பார்க்கலாம். பிரஷ் என்றால் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது.

அவிநாசி: டெக்கால் காய்ஞ்சப்புறம் சுத்தியும் வெள்ளைக் கறை. கீழே வேற வெள்ளி மாதிரி மினுங்குது.

தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற அடையாளப் படம்தான் டெக்கால். நீங்கள் சொல்கிற இரண்டும் வேறு வேறு நோய். சுற்றியிருக்கும் கறை உங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் ஒரு பாட்டில் பிடித்து வாருங்கள், இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். மினுங்குவது மேட், அதாவது பளபளப்பில்லாத, பெயிண்டின் சொரசொரப்பில் சிக்கிய காற்று. முதலில் பளபளக்கிற கிளாஸ் வார்னிஷ், அதன்மேல் டெக்கால், பிறகு மேட் வார்னிஷ். டெக்காலுக்கென்று இரண்டு திரவம் உண்டு: மைக்ரோ செட் ஒட்டுவதற்கு, மைக்ரோ சால் குழைப்பதற்கு. சால் போட்டதும் டெக்கால் சுருங்கிக் கிழவி முகம் மாதிரி ஆகும். பயந்து தொட்டுவிடாதீர்கள், தானாக நிமிரும்.

நம் விமானப்படையின் அடையாள வட்டத்தில் நடுவில் காவி, வெளியே பச்சை. அந்தக் காவி பல டெக்காலில் ஒளி ஊடுருவும். கரும்பச்சை இறக்கையில் ஒட்டினால் செங்கல் நிறமாகிவிடும். கீழே வெள்ளை வட்டம் ஒன்று அடித்துவிட்டு ஒட்டுங்கள்.

ஈரோடு, ஆசிரியை: பெவிக்விக் போட்டு காக்பிட்டோட கண்ணாடி மூடியை ஒட்டினேன். உள்ளே பனி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சுங்க. சரி பண்ண முடியுமா?

பெவிக்விக் ஆவி கண்ணாடியில் படிந்து வெளுத்துவிடும் அம்மணி. உள்ளே கைரேகை இருந்தால் அதுவும் சேர்ந்து தெரியும். மெதுவாக நெம்பி எடுக்க வருமா பாருங்கள். வந்தால் பற்பசை தொட்டுப் பருத்தித் துணியால் மெருகேற்றலாம். அடுத்த தடவை ஃபெவிகால் போடுங்கள். காய்ந்ததும் நிறமற்றுப் போகும், மிச்சத்தை ஈரப் பஞ்சால் துடைக்கலாம்.

காங்கேயம்: மூணு சக்கரத்துல நிக்க வெச்சா வால் தரையில உக்காருது.

மூக்கில் எடை போட மறந்திருப்பீர்கள். ஒட்டி முடித்தபின் தெரிந்தால் அழுகைதான். சைக்கிள் கடையில் பழைய பேரிங் குண்டுகள் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். மூக்குக்குள் போட்டு எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். மீன்பிடி ஈயக்குண்டும் ஆகும். ஆனால் அதை ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள். ஈயம் வருசக்கணக்கில் அரித்து உப்பி, விமானத்தின் மூக்கைப் பிளந்துவிடும்.

சூலூர்: எங்கப்பா சின்ன வயசுல இங்கே கடற்படை ஜெட் பாத்தேன்கறார். கடலே இல்லாத ஊர்ல கடற்படையா? ஒளர்றாரான்னு தெரியலீங்க.

உளறவில்லை, காலில் விழுந்து கும்பிடுங்கள். கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா முதலில் 1961இல் சூலூரில்தான் அமைந்தது. 1964இல் கோவாவுக்குப் போனது. அவர் பார்த்தது சீ ஹாக்காக இருக்கும், விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்கான ஜெட். 1971 டிசம்பர் போரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது தாக்கப் போனவை இவைதான்.

ஏர்ஃபிக்ஸ் 1/72இல் சீ ஹாக் போட்டிருக்கிறது, நல்ல கிட். மேலே கருஞ்சாம்பல், கீழே வெளிர்பச்சை. இந்திய அடையாளத்துக்குத் தனி டெக்கால் தேட வேண்டும். செய்து அப்பாவிடம் கொடுங்கள். அவர் ஏதாவது தப்பு கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கும் தெரிவியுங்கள்.

திருப்பூர்: நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டின நேட் செய்யணும். ஏர்ஃபிக்ஸ் நேட் கைல இருக்குது. மாத்திக்கலாமுங்களா?

வேண்டாம். நேட் சின்ன ஜெட் விமானம். அதில் ஏர்ஃபிக்ஸ் போட்டது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி வகை. உடல் நீளம், இறக்கை பெரிது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில், பரம் வீர் சக்ரா பெற்ற நம் விமானி செகோன் ஏறியது ஒற்றை இருக்கை வகை. அறுத்து ஒட்டுகிற பாட்டுக்கு ஸ்பெஷல் ஹாபி கம்பெனியின் ஒற்றை இருக்கை கிட்டைத் தேடிப் பிடிப்பது லேசு. அவருடைய விமானப்படைப் பிரிவான 18வது ஸ்குவாட்ரனை 2020 மே மாதம் சூலூரில்தான் தேஜஸோடு மறுபடி எழுப்பினார்கள். நேட்டையும் தேஜஸையும் ஒரே பலகையில் நிறுத்த ஆசைப்பட்டால் அது நல்ல ஜோடி.

மேட்டுப்பாளையம்: மிக்-21 ஓய்வு பெற்றதிலிருந்து ஒண்ணு செய்யணும்னு இருக்கேன். எந்த மிக்-21னே புரியல.

நம் விமானப்படைக்கு 1963இல் வந்து 2025 செப்டம்பர் 26 அன்று விடைபெற்றது. அத்தனை வருசத்தில் ஒரே முகமா இருக்கும்? பெட்டிப் படத்தை நம்பாமல் முதுகைப் பாருங்கள். எஃப்.எல். வகை என்றால் முதுகு மெலிந்திருக்கும், உள்ளே பீரங்கி கிடையாது. எம்.எஃப். வகையின் வயிற்றில் இரட்டைக் குழல் பீரங்கி. பிஸ் வகைக்கு முதுகு தடித்து, திமில் வைத்த காங்கேயம் காளை மாதிரி. கடைசியாக ஓய்வு பெற்ற பைசன், பிஸ்ஸை மேம்படுத்தியது. 1/48இல் எடுவார்ட் கம்பெனியின் கிட்டுகள் அற்புதம், ஆனால் இரண்டாவது மூன்றாவது கிட்டாக வாங்குங்கள். 1971 எஃப்.எல். செய்வதானால் நீங்கள் பார்க்கிற படத்தில் இருக்கும் அதே விமானத்தின் வண்ணத்தை மட்டும் நம்புங்கள். போர் நெருங்கியபோது அவசரமாக அடித்த பச்சைகள் ஒன்றுபோல் ஒன்றில்லை.

பீளமேடு, நாலாங்கிளாஸ்: தாத்தா, விமானத்தோட மூக்குல இருக்கற காத்தாடியை ஒட்டாம விட்டா சுத்துமா?

சுத்தும் கண்ணு. தண்டில் ஒரு சொட்டுப் பசைகூடப் படாமல் பார்த்துக்கொள். மேலே கூம்பு மூடியை ஒட்டும்போதுதான் எல்லோரும் கெடுப்பார்கள், அங்கே குண்டூசி முனையில் எடுத்துத் தொடு. வர்ற ஞாயிறு கொண்டு வா, மாடியில் வைத்து ஊதிப் பார்க்கலாம்.